அண்ணனுக்கு மூன்று நாள் காய்ச்சல்

என் அண்ணனின் சிறுநீரகம் ஆறு வருடத்துக்கும் மேலாக என் உடம்புக்குள் வேலை செய்தது. இப்போது வேலை செய்யவில்லை. அது எப்படி நின்றுபோனது என்பதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பசாரில் கூட்டத்தில் அலைந்தாளாம், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லையாம், வேலையை விடச் சொல்லியும் கேட்கவில்லையாம். ஆகவே நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். இரண்டு வரி பேசினாலே மூச்சு வாங்குகிறது. எழுதுவதற்கு மூச்சு அதிகம் தேவைப்படுவதில்லை.

என் பெயர் மாலதி. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவர் தியாகுவோடும் பள்ளியில் படிக்கும் மகள் கவினியோடும் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். தியாகு வாடகைக் கார் ஓட்டுகிறார். எனக்கு ரத்த அழுத்தம் இருந்தது தெரியாமலே இருந்து, தெரிந்தபோது இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப் போயிருந்தன. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு உயிரோடு இருந்தேன்.

அப்போது யாரும் கேட்காமலே முன்னால் வந்தவர் செல்வம் அண்ணன். எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒருநாள் நேராக மருத்துவமனைக்கே போய் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்து, பொருந்துகிறது என்று தெரிந்த பிறகுதான் என்னிடம் வந்து சொன்னார்.

“எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு உனக்கு. இதுல யோசிக்க என்னா இருக்கு?”

அன்று அவர் காலில் விழுந்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது, அவர் அடுத்த வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் தன்னைத் தள்ளச் சொல்லி என்னைப் பார்க்க வந்தார். வலியில் முகம் வெளுத்திருந்தது. “ஒண்ணுக்கு போவுதா?” என்றுதான் முதலில் கேட்டார். போகிறது என்றேன். குழந்தை மாதிரி அழுதார்.

புதிய சிறுநீரகத்தை வலது அடிவயிற்றில் வைத்துத் தைப்பார்கள். கையை வைத்தால் தோலுக்கு அடியில் மேடாகத் தெரியும். நம் உடம்புக்கு அது அன்னியப் பொருள். கிருமியைத் தாக்குவது போலவே அதையும் தாக்கும். தாக்காமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும். வீட்டைக் காக்கிற நாய்க்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டுக் குடியிருப்பது போன்ற வாழ்க்கை இது. யார் உள்ளே வந்தாலும் நாய் எழுந்திருக்காது.

அதனால்தான் சளிக்காய்ச்சலுக்குப் பயந்தோம். மற்றவர்கள் மூன்று நாள் படுத்து எழுந்துவிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது நுரையீரலுக்கு இறங்கிவிடும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஆனால் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்திய உடம்பில் தடுப்பூசியும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். சுற்றியிருப்பவர்கள்தான் சுவர். அதனால் தியாகுவும் கவினியும் தவறாமல் போட்டுக்கொண்டார்கள். தியாகு காருக்குள் முகக்கவசத்தைக் கழற்றியதே இல்லை. கவினிக்குத் தும்மல் வந்தால் சொல்லாமலே தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த வயதுப் பெண் அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டிய நாட்களில் கதவிடுக்கில் பேசிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் நான் மட்டும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருப்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அண்ணன் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. தனக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார். அவரிடம் வற்புறுத்த முடியாது. எதையுமே வற்புறுத்த முடியாது. ஏனென்றால் கொடுத்தவர் அவர்.

கொடுத்தது வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கல்யாண வீட்டில் புதிதாக யாரையாவது பார்த்தால், “இது என் தங்கச்சி. என் கிட்னிலதான் ஓடுது” என்று அறிமுகம் செய்வார். நான் அப்பளம் எடுத்தால், “என் கிட்னிய கெடுத்துடாத” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அறுவைச் சிகிச்சை நடந்த தேதியை ‘கிட்னி பொறந்த நாள்’ என்று அவரே பெயர் வைத்தார். அன்று குடும்பத்தோடு பாலம் தாண்டி வருவார். நான் நண்டு சமைக்க வேண்டும். முதல் கவளத்தை அவர் எனக்கு ஊட்டிவிடுவார். படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பில் போடுவார்.

போன முறை அந்த நாள் வந்தபோது ஊரெங்கும் சளிக்காய்ச்சல். சில பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். அண்ணன் மகனின் வகுப்பையும் மூடிவிட்டதாகக் கவினி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். முதல் நாள் அண்ணிக்குப் போன் செய்து எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். அண்ணி பதில் சொல்வதற்குள் அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். எல்லாரும் நன்றாக இருக்கிறோம், பையன் மட்டும் அவன் ஆயா வீட்டில் இருக்கிறான், நீ நண்டை மட்டும் பார் என்றார்.

மறுநாள் மதியம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணனின் கண் சிவந்திருந்தது. மூக்கு நுனியும் சிவந்திருந்தது. கதவைத் திறந்த தியாகு நகராமல் நின்றார். முகக்கவசப் பெட்டியை நீட்டி, ஒன்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் மச்சான் என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் சிரித்தார். “என் கிட்னிக்கு என்கிட்ட இருந்தே பாதுகாப்பா மாப்ள?”

சிரிப்பு இருமலில் முடிந்தது. காரில் ஏர்கோன் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தியாகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். கொடுத்தவரை வாசலில் நிறுத்த என்னால் முடியவில்லை. உள்ளே வரச் சொன்னேன். அண்ணி யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

கவினி எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். காற்றாடியைக் கூட்டி வைத்தாள். என்னால் செய்ய முடிந்தது தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது மட்டும்தான். அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சோற்றில் நண்டுக் குழம்பைப் பிசைந்து உருட்டி என் வாய்க்கு நேராக நீட்டினார். விரல்கள் சுட்டன. காய்ச்சல்காரனின் விரல் என்று நாக்குக்குத் தெரிந்தது. விழுங்கினேன். கன்னத்தோடு கன்னம் வைத்துப் படம் எடுத்தார்.

இரண்டாம் நாளே எனக்குக் குளிர் எடுத்தது. எலும்புக்குள் யாரோ மரத்தூள் அடைத்தது மாதிரி வலி. கண்ணை உருட்டினால்கூட வலித்தது. தியாகு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். இருமுகிறவர்களுக்கு வெளியே தனியாகக் கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் இருமல். கைக்குழந்தைகள், சரோங் கட்டிய முதியவர்கள், தொழிற்சாலைச் சட்டையோடு வந்த நேப்பாளத்துப் பையன்கள். என் எண்ணை அழைக்க மதியம் தாண்டிவிட்டது. மூக்குக்குள் நீளமான பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றினார்கள். இன்ஃபுளுவென்சா ஏ என்று முடிவு வந்தது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரை உடனே கொடுத்தார்கள். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும், நல்லவேளை சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் அந்த இளம் டாக்டர். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம். சரியாகச் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் மூச்சு போதவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் பனி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தன. மூக்கில் பெரிய குழாய் வைத்து ஆக்சிஜனை வேகமாக ஊதினார்கள். ஓடுகிற காரின் ஜன்னலில் முகத்தை நீட்டியது போல் இருந்தது. அதுவும் போதவில்லை.

என் சிறுநீரக டாக்டர் வந்தார். சீனப் பெண்மணி. அறுவைச் சிகிச்சைக் காலத்திலிருந்தே என்னைப் பார்ப்பவர். எப்போதும் நின்றபடி பேசுகிறவர் அன்று படுக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பு கிருமியோடு சண்டை போட வேண்டுமானால் என் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தி, இன்னொன்றைக் குறைக்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். அப்படிச் செய்தால், விழித்துக்கொண்ட உடம்பு சிறுநீரகத்தையும் தாக்கலாம். எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“ந்யாவா டுலு,” என்றார். முதலில் உயிர்.

பிறகு தொண்டைக்குள் குழாயை இறக்கி, இயந்திரத்தை மூச்சு விட வைத்தார்கள். தூக்க மருந்து கொடுத்திருப்பார்கள், ஒன்றும் தெரியாது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தெரியும். துண்டு துண்டாகத் தெரியும். குழாயைப் பிடுங்காமலிருக்கக் கைகளைத் துணியால் கட்டிலில் கட்டியிருந்தார்கள். எதற்காகக் கட்டினார்கள் என்று அப்போது தெரியவில்லை. பேச முடியாது. என் வீட்டில் யாரோ என்னைக் கட்டிப்போட்டு நண்டு ஊட்டுவதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. தாகம்தான் கொடுமையிலும் கொடுமை. மிஸ்ஸி, மலாய்க்கார நர்ஸ் ஒருவர், ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவார். அந்தப் பஞ்சை உறிஞ்சப் பார்ப்பேன். அவர் திட்டமாட்டார். இன்னொரு முறை நனைத்து வைப்பார்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு சீன முதியவர். அவருக்கும் இதே காய்ச்சல்தான், பேரப்பிள்ளையிடமிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. ஒரு நாள் திரையை இழுத்து மூடினார்கள். திறந்தபோது படுக்கை விரிப்பு புதிதாக இருந்தது.

கவினி தன் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அந்த மிஸ்ஸி போனை என் காதருகே வைப்பார். அப்பா வைத்த சாம்பாரில் உப்பே இல்லை, என் பள்ளிச் சீருடையை அப்பா தேய்த்ததில் காலர் கருகிவிட்டது, நீங்கள் வந்து அவரைக் கேளுங்கள். அழாமல் பேசியிருந்தாள். எத்தனை முறை அழித்து அழித்துப் பதிவு செய்தாளோ.

குழாயை எடுத்த அன்று தியாகு தலை சீவிவிட்டார். பின்னத் தெரியாது அவருக்கு. சிக்கை எடுக்கும்போது வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன். குரல் வரவில்லை. உதட்டை அசைத்தேன். ஒன்றுக்குப் போகிறதா?

கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையை அவர் பார்க்கவில்லை. பார்க்காததிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ரத்தத்தில் சேரும் கழிவை அளக்க கிரியேட்டினின் என்று ஒன்றைச் சொல்வார்கள். சிறுநீரகம் வேலை செய்தால் அது குறைவாக இருக்கும். என்னுடையது ஒவ்வொரு காலையும் ஏறியது. அடிவயிற்றில் ஊசியை விட்டு, சிறுநீரகத்தில் நூல் போல ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு அதைத் தாக்கி அழித்திருந்தது. காப்பாற்ற மருந்து இருக்கிறது, ஆனால் இந்த நுரையீரலோடு அதைக் கொடுத்தால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்றார் டாக்டர். கழுத்தில் குழாய் போட்டு மறுபடியும் இயந்திரத்தில் இணைத்தார்கள். செத்துப்போன சிறுநீரகத்தைப் பெரும்பாலும் வெளியே எடுக்கமாட்டார்களாம். தொந்தரவு இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். இப்போதும் கை வைத்தால் தெரிகிறது.

நான் குழாயோடு கிடந்த நாட்களில் அண்ணன் நடத்திய காட்சிகளை வார்டுக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். அவருக்குக் காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்து, அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்சப்பில் போட்டிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் தரையில் உட்கார்ந்து அழுதாராம். என் ரத்தம், என் உறுப்பு உள்ளே கிடக்கிறது என்று யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்த அன்று என் கட்டிலுக்கு வந்தார். கழுத்துக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே போனாய், பசாருக்கா, ஆபிசிலா, யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று விசாரித்தார். பத்திரமாக இருக்கத் தெரியாதா என்றார். தியாகு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

“எவனோ நோவ வச்சுக்கிட்டு இருமிட்டுப் போயிருக்கான். மனுசனா அவன்?” என்றார் அண்ணன்.

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பா, நிஜமாகவே தெரியவில்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்குத் தெரியாது என்று நம்ப ஆசைப்பட்டேன். ஏர்கோன் ஒத்துக்கொள்ளாத சாதாரணச் சளி என்று நினைத்து வந்திருப்பார் என்று தியாகுவிடமும் வாதாடினேன். சில வாரங்கள் அந்த நம்பிக்கையில் ஓடின.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி தனியாகப் பார்க்க வந்தார். பேருந்து பிடித்து, படகில் ஏறி வந்திருந்தார். அண்ணனிடம் சொல்லவில்லை என்றார். கஞ்சியைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மகனுக்கு அந்த வாரம் காய்ச்சல். ஆயா வீட்டுக்கு அனுப்பியது அதனால்தான். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று காலை அண்ணனுக்கும் காய்ச்சல் வந்து கிளினிக்கிற்குப் போனார்கள். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃபுளுவென்சா என்றார் அந்த டாக்டர். வீட்டில் முதியவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் இருந்தால் கிட்டே போகாதீர்கள் என்று சொல்லி விடுப்புக் கடிதமும் கொடுத்தார். அண்ணன் பெனடால் மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

“சொன்னா வராதீங்கன்னுடுவாங்கன்னாரு. எனக்கு எதித்துப் பேச வரல மாலதி.”

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அண்ணி இன்னொன்றும் சொன்னார். என்ன நினைத்துச் சொன்னாரோ. போன வாரம் அண்ணன் தானாகவே போய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டாராம். ஒற்றைச் சிறுநீரகம்தானே இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாராம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ச்சலும் இருமலும் இருந்தால் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். போகாமல் இருப்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. போன் இருக்கிறது, அதில் முகமும் தெரிகிறது. தவிர்க்க முடியாமல் போனால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள். அதைப் போடச் சொல்கிறவர் உங்களை மதிக்காதவர் இல்லை. நீங்கள் போட்டுக்கொள்ளும் ஊசி உங்களுக்கு மட்டுமில்லை. உங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும், ஊசி வேலை செய்யாத ஓர் உடம்புக்கும்தான். இதைவிட நயமாகச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை.

அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் பை நிறைய ஆரஞ்சும் கொண்டு வந்தார். இயந்திரத்தில் இருப்பவர்களுக்கு இவை ஆகாது. இவற்றில் பொட்டாசியம் அதிகம், அதைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இதயம் நின்றுவிடும். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் இயந்திரத்தில் இருந்தபோது இதை அவருக்கே சொல்லியிருக்கிறேன். தியாகு சவாரிக்குப் போயிருந்தார். கவினி அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குக் காலையில கிளினிக்ல என்னா சொன்னாங்க அண்ணே?” என்று கேட்டேன்.

அவர், அணைந்து கிடந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்றார். கேட்டதுமே யாரென்று அவருக்கே புரிந்தது. என்னிடமிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும், உன் புருஷன் ஊரில் இருக்கிறவனையெல்லாம் காரில் ஏற்றுகிறான், உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அடுக்கினார். வருடத்தில் ஒரு நாள் தங்கை வீட்டில் உரிமையோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டது ஒரு குற்றமா என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்தக் கலக்கத்தை இறுகப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

“தெரிஞ்சுதானே ஊட்டினீங்க,” என்றேன்.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“குடுத்தது நான்தானே. திரும்ப எடுத்துக்கிட்டேன்னு வச்சுக்க.”

கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. நிதானமாகச் சொன்னார். கவினியின் அறைக்கதவு திறந்தது. அவள் என்னைப் பார்க்காமல் நேராகப் போய் வாசல் கிரில்லைத் திறந்து பிடித்துக்கொண்டு, “போய்ட்டு வாங்க மாமா,” என்றாள். அவர் போன பிறகு பூட்டினாள். பழங்களைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து, என் காலடியில் உட்கார்ந்தாள்.

இப்போது அவர் வருவதில்லை. நான் அண்ணனை நன்றியில்லாமல் விரட்டிவிட்டதாகக் குடும்ப வாட்சப்பில் பேசிக்கொள்கிறார்கள். அதிலிருந்து வெளியேறிவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் தியாகு என்னை இயந்திரத்தில் விட்டுவிட்டு, சவாரி ஓட்டிவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போகிறார். திரும்பும் வழியில் எனக்குப் பேசத் தெம்பிருக்காது. அவர்தான் பேசிக்கொண்டு வருவார்.

போன வாரம் அப்படித் திரும்பும்போது, வீட்டுக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்திருக்கிறார். ரத்தப் பிரிவு பொருந்துகிறதாம், மற்ற பரிசோதனைகளைத் தொடங்கலாமாம், என் நுரையீரல் இன்னும் கொஞ்சம் தேறினால் போதுமாம். தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார்.

வேண்டாம் என்றேன்.

இயந்திரத்தில் எத்தனை வருடம் தள்ளுவாய், கவினிக்கு இன்னும் கல்லூரிகூட ஆகவில்லை என்றார். தெரியும் என்றேன். வேண்டாம்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்: “நான் உங்கண்ணன் இல்ல மாலதி.”

அவர் கை என் கையைத் தேடி வந்தது. ஊசி குத்திய இடத்தில் படாமல் பார்த்துப் பிடித்துக்கொண்டது. இந்த மனிதரை எனக்குப் பதினேழு வருடமாகத் தெரியும். ஒரு கெட்ட எண்ணம் இவர் மனதில் ஓடி நான் பார்த்ததில்லை.

“குடுக்குறப்ப அவரும் நல்லவராத்தாங்க இருந்தாரு,” என்றேன்.